‘எல்லாம்’ என்றால் எது? கருப்பை அறுவைச் சிகிச்சை கடந்து வந்த பாதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் விரிவான எழுத்து வடிவம்)



“கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்” என்று மருத்துவர் சொன்னதும் நம் வீட்டுப் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கணும்?” என்பதுதான். இரண்டாவது, “எவ்வளவு செலவாகும்?” மூன்றாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. “அதற்கப்புறம் நான் பழைய மாதிரி இருப்பேனா?” என்பது அது. கருத்தரங்கில் இந்தத் தலைப்பை நான் அறிவித்தபோது பார்வையாளர் வரிசையில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தீபாவளிச் செலவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒலிவாங்கிக்குப் போட்டி போடுகிறவர்கள்தாம் அவர்கள்!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்லள், வரலாறு படித்தவள். எடுக்கலாமா, வேண்டாமா என்று யாருக்கும் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது, எத்தனை பேர் உயிரைக் கொடுத்து இது இவ்வளவு பாதுகாப்பானதாக ஆயிற்று, ஏன் ஒரே சிகிச்சைக்கு இத்தனை வழிகள் இருக்கின்றன என்பது தெரிந்தால், மருத்துவரின் எதிரில் உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தானாக நாவில் வரும். அந்த நம்பிக்கையில்தான் பேசுகிறேன்.

பழைய கிரேக்கர்கள் கருப்பைக்கு வைத்த பெயர் ‘ஹிஸ்டரா’. பெண்ணுக்கு மூச்சு முட்டினாலும், அழுதாலும், கோபப்பட்டாலும், அந்த ஹிஸ்டரா உடம்புக்குள் இடம்விட்டு இடம் அலைவதுதான் காரணம் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். ‘ஹிஸ்டீரியா’ என்ற சொல் அப்படிப் பிறந்ததுதான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் நீங்கியது 1980இல்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓர் உறுப்பின் மேல் பழி சுமத்தி வந்திருக்கிறார்கள்.

உயிரைப் பணயம் வைத்த நூற்றாண்டு

கருப்பை கீழே இறங்கி, வெளியே வந்து, கறுத்து அழுகிப்போனால் அதை வெட்டி எடுக்கலாம் என்று எபேசு நகரத்து மருத்துவர் சொரானஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே எழுதியிருக்கிறார். ‘அடி இறங்கிவிட்டது’ என்று நம் பாட்டிமார்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதே நோய்தான். மூட்டை சுமந்தும் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றும் தளர்ந்துபோன உடம்புக்கு அது எந்த நாட்டிலும் வரும்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெர்சிவல் வில்லபி என்ற பேறுகால மருத்துவர் ஒரு நிகழ்ச்சியைக் குறித்து வைத்தார். 46 வயது ஏழைப் பெண் ஒருவர். நிலக்கரி சுமக்கும்போது கருப்பை முழுவதும் வெளியே இறங்கிவிடுகிறது. வலியும் தொல்லையும் பொறுக்காமல் அவரே அதைப் பிடித்து இழுத்துக் கத்தியால் அறுத்துவிட்டார்! இரத்தம் கொட்டி, பிறகு நின்றது. அவர் பல ஆண்டுகள் உயிரோடிருந்தார். ஆனால் சிறுநீர்ப்பையும் சேர்ந்து அறுபட்டதால் இரவு பகலாகச் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருந்ததாம். இன்றைக்கும் இந்தச் சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் ‘சிறுநீர்ப்பைக்கும் சிறுநீர்க் குழாய்க்கும் காயம் ஏற்படக்கூடும்’ என்று ஒரு வரி இருக்கும். அது வெறும் சம்பிரதாய வரி அன்று. கருப்பைக்கு மிக நெருக்கமான அண்டை வீட்டுக்காரர்கள் அந்த இரண்டும்தாம்.

மருத்துவர் ஒருவர் திட்டமிட்டுச் செய்து வெற்றி கண்ட அறுவைகளில் பெயர் பெற்றது 1813இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நடந்தது. செய்தவர் கான்ராட் லாங்கன்பெக். மயக்க மருந்து கிடையாது. கையுறை கிடையாது. உதவிக்கு இருந்தவரோ மூட்டுவாத நோயாளி. இரத்தம் பீறிட்ட நேரத்தில் நாற்காலியிலிருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லை. லாங்கன்பெக் ஒரு கையால் இரத்தக் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையாலும் பல்லாலும் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். நோயாளி பிழைத்தார். ஆனால் சக மருத்துவர்கள் யாரும் நம்பவில்லை. சாட்சியாக இருந்த அந்த உதவியாளர் சில நாட்களில் இறந்துவிட்டார்; எடுத்த உறுப்பும் தொலைந்துபோயிற்று. 26 ஆண்டுகள் கழித்து அந்தப் பெண் மூப்பினால் இறந்தபோது உடலைப் பரிசோதித்துப் பார்த்துத்தான், ‘ஆமாம், கருப்பை இல்லை’ என்று ஒப்புக்கொண்டார்கள்.

இது கீழ்வழியாக, அதாவது பிறப்புறுப்பு வழியாகச் செய்தது. வயிற்றைத் திறப்பது என்பது அந்தக் காலத்தில் மரண தண்டனைக்குச் சமம் என்று கருதப்பட்டது. அந்தக் கதவை முதலில் திறந்தது கருப்பைக்காக அன்று, சினைப்பைக்காக. 1809ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் எஃப்ரேம் மெக்டவல் என்ற கிராமப்புற மருத்துவர், ஜேன் டாட் கிராஃபர்ட் என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள சினைப்பைக் கட்டியை எடுத்தார். அந்தச் சிகிச்சைக்காக அவர் அந்த வயிற்றோடு 60 மைல் தூரம் குதிரையில் வந்தார்! 25 நிமிடம் நடந்த அறுவையின்போது அவர் இறைவனைப் பாடிக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். ஐந்தாம் நாள் மருத்துவர் பார்க்கப் போனபோது தம் படுக்கையைத் தாமே விரித்துக்கொண்டிருந்தார்; 78 வயதுவரை வாழ்ந்தார். மருத்துவ நூல்களில் மெக்டவலுக்குத்தான் பெரிய பெயர். என்னைக் கேட்டால் அந்தக் குதிரைப் பயணத்துக்குத்தான் சிலை வைப்பேன்.

வயிற்று வழியாகக் கருப்பையை எடுத்த முதல் முயற்சிகள் தவறுதலாக நடந்தவை. சினைப்பைக் கட்டி என்று நினைத்துத் திறப்பார்கள்; உள்ளே இருப்பது கருப்பைக் கட்டியாக இருக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1843இல் சார்ல்ஸ் கிளே அப்படித் திறந்த நோயாளி இறந்தார். அவருடைய அடுத்த நோயாளி 1844இல் 15 நாட்கள் தேறி வந்தார். படுக்கை மாற்றும்போது கைநழுவிக் கீழே போட்டுவிட்டார்கள், அவரும் இறந்தார். 1853இல் அமெரிக்காவின் லோவல் நகரில் வால்டர் பர்ன்ஹம் செய்த அறுவையில் நோயாளி வாந்தி எடுக்க, அந்த வேகத்தில் கட்டியோடு கருப்பை வெட்டு வழியே வெளியே வந்துவிட்டது. திருப்பி உள்ளே வைக்க முடியவில்லை, எடுத்துவிட்டார். அவர் பிழைத்தார். வயிற்று வழியாகக் கருப்பை எடுக்கப்பட்டுப் பிழைத்த முதல் பெண் அவர்தான். அந்தத் துணிச்சலில் பர்ன்ஹம் மேலும் 15 பேருக்குச் செய்தார், மூவர்தான் தப்பினார்கள். அதே ஆண்டில் அதே ஊரைச் சேர்ந்த கில்மன் கிம்பல், கருப்பைக் கட்டி என்று முன்கூட்டியே தெரிந்து திட்டமிட்டுச் செய்து வெற்றி கண்டார்.

இந்த எண்ணிக்கையை மாற்றியவை மூன்று. 1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம். 1867இல் ஜோசப் லிஸ்டர் எடுத்துச் சொன்ன கிருமி நீக்கம். பிறகு இரத்தக் குழாய்களைப் பிடித்துக் கட்டும் கருவிகள். 1878இல் வில்ஹெல்ம் ஃபிராய்ண்ட் புற்றுநோய்க்காகக் கருப்பையை வயிற்று வழியே முழுமையாக எடுத்தார். 1898இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் சுற்றியுள்ள திசுக்களையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் பேரறுவையைத் தொடங்கினார். 1900இல் ஹெர்மன் ஃபனன்ஸ்டீல் வயிற்றின் அடியில் குறுக்காக வெட்டும் முறையை எழுதினார். சிசேரியன் பிள்ளை பெற்ற பலருக்கும் இருக்கும் தழும்பு அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

கருப்பை வாயும் சினைப்பையும்

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். நம் பெண்களுக்குக் குழப்பம் உண்டாகும் இடம் இதுதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் கருப்பையின் மேற்பகுதியை மட்டும் எடுப்பார்கள். கருப்பை வாயை விட்டுவிடுவார்கள். கருப்பை வாயையும் எடுத்தால் கீழ்வழி திறக்கும். கிருமி உள்ளே போகும். ஆன்டிபயாடிக் மருந்தே இல்லாத காலம் அது. 1929இல் எட்வர்ட் ரிச்சர்ட்சன் கருப்பை வாயோடு சேர்த்து முழுமையாக எடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். பிறகு பென்சிலினும் இரத்த வங்கியும் வந்தன. விட்டுவைத்த கருப்பை வாயில் பின்னாளில் புற்றுநோய் வருவதும் தெரிந்திருந்ததால், முழுமையாக எடுப்பதே வழக்கமாயிற்று. 1940களில் ஜார்ஜ் பாப்பனிக்கலோவின் பேப் ஸ்மியர் சோதனை வந்தது. அந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. கிருமி என்று கண்டறிந்ததற்காக ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் 2010 முதலும் சிங்கப்பூரில் 2019 முதலும் பள்ளி மாணவிகளுக்கு அதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. நம் பேத்திகளில் பலருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகக் கத்தியே தேவைப்படாமல் போகலாம்.

ஆக, கருப்பை வாய் இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்பது வெறும் உடற்கூறு விவரம் அன்று. அது இருந்தால் பேப் ஸ்மியர் போன்ற பரிசோதனையை வழக்கம்போலத் தொடர வேண்டும். சாதாரணக் கட்டிக்காக முழுமையாக எடுத்து, முன்பு கருப்பை வாயில் கடுமையான மாற்றம் எதுவும் இருந்ததில்லை என்றால் பொதுவாக அது தேவைப்படாது.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், தோட்டப்புறத்தில் வளர்ந்தவர். 38ஆம் வயதில் பெரும்பாட்டுக்காக அறுவை செய்துகொண்டார். “எல்லாத்தையும் எடுத்தாச்சும்மா, இனிமே கவலையில்லே” என்று சொல்லி அனுப்பினார்களாம். அந்த ஒரு சொல்லோடு அவர் 30 ஆண்டுகள் வாழ்ந்தார். எலும்பு தேய்ந்து இடுப்பு முறிந்தபோது புதிய மருத்துவர் கேட்டார்: “சினைப்பையையும் எடுத்தார்களா?” அக்காவுக்குத் தெரியாது. கணவருக்கும் தெரியாது. வீட்டில் தாள் இல்லை. பழைய பதிவும் கிடைக்கவில்லை. ‘எல்லாம்’ என்றால் எது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

சினைப்பை என்பது கருப்பையின் வால் அன்று. அது தனி உறுப்பு. பெண்மைக்குரிய ஹார்மோனைச் சுரப்பது அதுதான். கருப்பை போனால் மாதவிலக்கு நிற்கும், பிள்ளை பிறக்காது, அவ்வளவே. மாதவிடாய் நின்ற காலத்துக்கு உரிய உடம்பு எரிச்சல், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் ஒரே இரவில் வந்து இறங்குவது இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால்தான். சினைப்பை இருந்தாலும் மாதவிடாய் முடிவுக் காலம் சற்று முன்கூட்டியே வரக்கூடும் என்பதும் உண்மை. 1872இல் அமெரிக்காவில் ராபர்ட் பேட்டி என்பவர் நல்ல நிலையில் இருந்த சினைப்பைகளையே ‘மனக்கோளாறுக்கு மருந்து’ என்று எடுக்கத் தொடங்கினார்; அது ஒரு காலத்தில் நாகரிகமாகவே பரவியது. பின்னர் வேறு காரணம் வந்தது: ‘எப்படியும் வயிற்றைத் திறக்கிறோம், பிற்காலத்தில் புற்றுநோய் வராமல் இருக்கட்டும், எடுத்துவிடுவோம்’ என்பது. 2009இல் அமெரிக்கச் செவிலியர் 29,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளிவந்தது. சினைப்பைகளை எடுத்தவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் குறைந்தது. ஆனால் இதயநோயும் ஒட்டுமொத்த மரணமும் கூடியிருந்தன. அதனால் இன்றைய போக்கு வேறு. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு, குடும்பத்தில் சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் தொடர்ந்து வந்த வரலாறு இல்லையென்றால், சினைப்பையை விட்டுவைக்கவே பலரும் விரும்புகிறார்கள். கருக்குழாய்களை மட்டும் சேர்த்து எடுப்பது பரவி வருகிறது. சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கருக்குழாயின் நுனியில் தொடங்குவது தெரிய வந்ததே காரணம்.

தேவைதானா என்ற கேள்வி

பாதுகாப்பான சிகிச்சை என்று ஆனவுடன் ஒரு புதிய ஆபத்து முளைத்தது. தேவையில்லாமலும் செய்யத் தொடங்கினார்கள். 1953இல் ஜேம்ஸ் டாய்ல் என்ற மருத்துவர், 35 மருத்துவமனைகளில் 1948இல் நடந்த 6,248 கருப்பை அறுவைகளை ஆராய்ந்து, அவற்றில் கணிசமானவற்றுக்குத் தக்க காரணமே இல்லை என்று தம் சொந்தத் துறையையே குற்றம் சாட்டி எழுதினார். துணிச்சலான மனிதர்.

அதைவிடக் கொடிய கதை ஃபேனி லூ ஹேமருடையது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி பறித்த கறுப்பினப் பெண். 1961இல் ஒரு கட்டியை எடுக்கவே மருத்துவமனைக்குப் போனார். அவரைக் கேட்காமலேயே கருப்பையை எடுத்துவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இது அங்கே வாடிக்கையாக நடந்தது. ‘மிசிசிப்பி குடல்வால் அறுவை’ என்று கசப்போடு அதைக் குறிப்பிட்டு ஊரறியப் பேசியவர் அவர். பின்னாளில் வாக்குரிமைப் போராட்டத்தின் முன்னணித் தலைவராகவும் விளங்கினார்.

எங்கேயோ, எப்போதோ என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களில் ஆயிரக்கணக்கானோர் இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்டிருப்பது 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. மாதவிலக்கு நாளில் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போகும், மேலும் அபராதமும் கட்ட வேண்டும். அந்தப் பயத்தோடு, ‘விட்டுவைத்தால் புற்றுநோய் வரும்’ என்ற மருத்துவ மிரட்டலும் சேர்ந்துகொண்டது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைகள் பற்றிய பொதுநல வழக்கில், வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு மருத்துவரும் இருந்தார். லண்டனின் விக்டர் பானி. அவருடைய மனைவிக்குத் திருமணமான சில காலத்திலேயே கடுமையான இரத்தப்போக்கு. அந்தக் கால வழக்கப்படி கருப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்துப் பார்த்தால் உள்ளே இருந்தது ஒரே ஒரு சிறு கட்டி! அவர்களுக்குப் பிள்ளை இல்லாமலே போயிற்று. அந்த வேதனையைச் சுமந்துகொண்டு பானி தம் வாழ்நாளையே கருப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கும் முறைக்குச் செலவிட்டார். இன்று பிள்ளை வேண்டும் என்று விரும்பும் பெண்ணுக்குக் கட்டியை மட்டும் நீக்குகிறார்கள் என்றால் அந்தப் பெரியவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அறுவை இல்லாத வழிகளும் வந்துவிட்டன. ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் 1990இல் ஃபின்லாந்தில் விற்பனைக்கு வந்தது. கருத்தடைக்காக வந்தது, பெரும்பாட்டுக்கு அது நல்ல மருந்தாக அமைந்தது. அதனால் அறுவையைத் தவிர்த்தவர்கள் ஏராளம். 1995இல் பாரிஸில் ராவினா என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், கட்டிக்கு இரத்தம் செல்லும் குழாயைத் தொடை வழியாகச் செலுத்திய சிறு குழாய் மூலம் அடைத்து, கட்டியைச் சுருங்கவைக்கும் முறையை வெளியிட்டார்கள். கருப்பையின் உட்படலத்தை மட்டும் சூட்டினால் கருக்கிவிடும் முறையும் உண்டு; இனிப் பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

இதைச் சொன்னதும் கருத்தரங்கில் ஓர் அம்மா எழுந்து, “அப்படியானால் டாக்டர் எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?” என்று கேட்டார். கூடாது, அம்மா. புற்றுநோய் என்றால் நாள் கடத்தக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு துளி இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். பிற சிகிச்சைகள் பலன் தராமல் இரத்தம் 6 கிராமுக்கும் 7 கிராமுக்கும் இறங்கி, படி ஏற மூச்சு வாங்குகிற பெண்ணுக்கு இந்த அறுவை மறுவாழ்வு. ‘பத்து வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம்’ என்று சொல்பவர்களையும் எனக்குத் தெரியும். என்ன காரணத்துக்காக எடுக்கிறோம், வேறு எந்த வழியை முயன்று பார்த்தோம் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்துகொண்டு எடுங்கள் என்பதே என் விண்ணப்பம்.

எந்த வழியாக?

இப்போது மூன்று பாதைகள் இருக்கின்றன. வயிற்று வழி, கீழ்வழி, சிறு துளைகள் வழியாகக் கேமரா செலுத்திச் செய்யும் லேப்பரோஸ்கோப்பி. ரோபோ என்பது நான்காவது பாதை அன்று. மூன்றாவதன் இன்னொரு வடிவம். கருவியைப் பிடித்திருப்பது இயந்திரக் கை; அதை இயக்குவது மருத்துவர்தான்.

துளை வழி அறுவையின் முன்னோடிகளில் ஒருவர் ஜெர்மனியின் கீல் நகரத்து மகப்பேற்று மருத்துவர் குர்ட் செம். 1980இல் அவர் துளை வழியாகக் குடல்வாலை எடுத்தபோது, அவருடைய மருத்துவ உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்றுகூடப் பேசினார்கள். 1988 ஜனவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாரி ரெய்ச் கருப்பையை முதன்முதலாக லேப்பரோஸ்கோப்பி உதவியோடு எடுத்தார். 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ரோபோக் கருவியை மகளிர் அறுவைகளுக்கு அனுமதித்தது. வலி குறைவு, தழும்பு சிறிது, சீக்கிரம் வீடு திரும்பலாம். உண்மையே.

ஆனால் புதியது என்பதாலேயே மேலானது ஆகிவிடாது. பெரிய கருப்பையைச் சிறு துளை வழியே வெளியே எடுக்க, உள்ளேயே அதைத் துருவித் துண்டாக்கும் மோர்சலேட்டர் என்ற கருவி வந்தது. 2013இல் அமெரிக்காவில் ஏமி ரீட் என்ற பெண்ணுக்கு அந்த முறையில் அறுவை நடந்தது. அவரே மயக்க மருந்துத் துறை மருத்துவர். ஆறு பிள்ளைகளின் தாய். சாதாரணக் கட்டி என்று நினைத்ததில் புற்றுநோய் ஒளிந்திருந்தது. துருவியபோது வயிறு முழுவதும் அது சிதறிவிட்டது. அவரும் கணவரும் விடாமல் போராடினார்கள். சாதாரணக் கட்டி என்று அறுவை செய்யப்படும் பெண்களில் 350 பேருக்கு ஒருவரிடம் இத்தகைய புற்றுநோய் மறைந்திருக்கலாம் என்று கணக்கிட்டு, 2014இல் அந்த நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. ஏமி ரீட் 2017இல் காலமானார். இப்போது துண்டாக்க நேர்ந்தால் அதற்கென உள்ள பைக்குள் வைத்துச் செய்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் இது.

2018இல் இன்னொரு பாடம். தொடக்க நிலைக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் துளை வழியும் ரோபோவும் நல்லதா, வயிற்றைத் திறப்பது நல்லதா என்று பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வயிற்று வழி அறுவையில் 96.5 விழுக்காடு, துளை வழியில் 86 விழுக்காடு. வெர்ட்ஹைமின் பழைய பாதைக்கே அந்த நோயில் மருத்துவர்கள் திரும்பினார்கள்.

இந்தப் பரபரப்பில் நாம் மறந்துவிட்டது லாங்கன்பெக்கின் கீழ்வழியை. வயிற்றில் ஒரு தழும்பும் இல்லை, வலி குறைவு, செலவும் பொதுவாகக் குறைவு. சாதாரண நோய்களுக்கு, முடிகிற இடத்தில் எல்லாம் கீழ்வழியே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2017இல் பரிந்துரைத்தது. ஆனால் ரோபோவுக்கு வரும் விளம்பரம் இதற்கு வருவதில்லை. விற்பதற்குக் கருவி எதுவும் இல்லாத முறைக்கு யார் விளம்பரம் செய்வார்கள்? கருப்பை மிகப் பெரிதாக இருந்தாலோ, முந்தைய அறுவைகளால் உள்ளே ஒட்டிப்போயிருந்தாலோ இது எல்லாருக்கும் பொருந்தாது. “எனக்குக் கீழ்வழியாகச் செய்ய முடியுமா? முடியாது என்றால் ஏன்?” என்று கேட்பதில் தவறே இல்லை. “இந்த முறையில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?” என்றும் பணிவாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் ஊரிலும் இந்தத் துறைக்குப் பெருமை உண்டு. தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை, மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள்படும் பெயரோடு, 1966இல் 39,835 பிள்ளைகளைப் பெற்றெடுக்கச் செய்து உலகச் சாதனை படைத்தது. சிங்கப்பூரின் இரண்டாவது அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸ் அங்கே பணியாற்றிய மகளிர் மருத்துவர். அவர் பெயரிலுள்ள பாலத்தில் தினமும் கார் ஓட்டுகிற எத்தனை பேருக்கு, சிசேரியனில் கருப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டும் பாதுகாப்பான முறையை இங்கே நிலைநிறுத்தியவர் அவர் என்பது தெரியும்?

நாள் குறித்த பிறகு

ஒரு காலத்தில் இந்த அறுவைக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். அதனால் காலில் இரத்தம் உறைந்து இறந்தவர்கள் உண்டு. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட் என்ற அறுவை மருத்துவர், பட்டினியும் படுக்கையும் நோயாளியைப் பலவீனப்படுத்துகின்றன என்று காட்டி, விரைவாகத் தேறவைக்கும் முறையை உருவாக்கினார். இன்று பல மருத்துவமனைகளில் திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்புதான் நிறுத்தச் சொல்கிறார்கள். தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். “பச்சை உடம்பு, நடக்காதே” என்று மாமியார் தடுத்தால், அன்போடு மறுத்துவிட்டு நடங்கள்.

தயாரிப்பு என்பது அறுவைக்கு முதல் நாள் பையைக் கட்டுவது அன்று. சில வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். இரத்தச்சோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ எடுத்து முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால் அதைச் சுருக்கும் ஹார்மோன் ஊசியைச் சில மாதம் கொடுப்பதுண்டு. அதனால் பெரிய வெட்டு சிறிய வெட்டாக மாறலாம். நம்மவர்களில் நீரிழிவு அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடமே கேட்க வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது. நாட்டு மருந்து, ஜின்செங், பூண்டு மாத்திரை என்று எதைச் சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். “அது மருந்தில்லையே, சும்மா சத்துக்கு” என்று மறைக்கிறோம். சில மூலிகைகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். வீட்டில் புகைப்பவர் நீங்களே என்றால் அதையும் நிறுத்துங்கள்.

வீடு திரும்பிய பிறகு, வயிற்று வழி என்றால் சுமார் ஆறு வாரம், மற்ற வழிகள் என்றால் அதைவிடக் குறைவாக ஓய்வு தேவைப்படும். வெளியே தழும்பு இல்லாததால் உள்ளே புண் இல்லை என்று நினைத்து அரிசி மூட்டையைத் தூக்கிவிடக் கூடாது. உள்ளே தையல் எல்லாருக்கும் ஒன்றுதான். தாம்பத்திய உறவுக்கும் பொதுவாக ஆறு வாரமாவது பொறுக்கச் சொல்வார்கள். ‘அதற்குப் பிறகு பெண் பெண்ணாக இருப்பதில்லை’ என்பது கட்டுக்கதை. இரத்தப்போக்கும் வலியும் ஓய்ந்ததால் இல்லறம் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களே பலர். சிலருக்கு மனச்சோர்வு வருவதும் உண்மை, அதிலும் பிள்ளை ஆசை நிறைவேறாதவர்களுக்கு. அதை ‘நடிப்பு’ என்று வீட்டார் ஒதுக்கக் கூடாது. கணவர்மார்களே, இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

கையெழுத்துப் போடும் தாளில், கருப்பை வாய், கருக்குழாய், வலது சினைப்பை, இடது சினைப்பை என்று ஒவ்வொன்றாக, எடுக்கிறார்களா விடுகிறார்களா என்று எழுதச் சொல்லுங்கள். உள்ளே எதிர்பாராத ஒன்றைக் கண்டால் என்ன செய்வார்கள், உங்களைக் கேட்காமல் எதைத் தொட மாட்டார்கள் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மொழி தடையாக இருந்தால் மகளையோ தங்கையையோ உடன் அழைத்துப் போங்கள். அறுவை முடிந்து மறுபரிசோதனைக்குப் போகும்போது அறுவைக் குறிப்பின் நகலையும், எடுத்த உறுப்பைப் பரிசோதித்த ஆய்வுக்கூட அறிக்கையையும் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரமும் வீட்டுப் பத்திரமும் இருக்கிற அதே உறையில் போட்டு வையுங்கள்.